பாக்கெட்டில் இருப்பதைக் கேட்கக் கூடாது

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் எலி எழுதுவது. கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பக்கமாவது படி. நாலு பக்கம் எழுதியிருக்கிறேன், கை வலிக்கிறது.

அங்கே செல்போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று மறுவாழ்வு இல்லத்து மேலாளர் சொன்னபோது அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம். போன் என்றால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதத்தை வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும், பிறகு எடுத்துப் படிக்கலாம்.

உனக்கு என் மேல் என்ன கோபம் என்று தெரியும். மாத்திரை விஷயத்தில் உன்னை மாட்டிவிட்டேன் என்பதுகூட இல்லை, கடை விதியை மீறிவிட்டேன் என்பதுதான். வண்டியில் ஏறும்போது நீ கத்தியது தெரு முழுக்கக் கேட்டது: "கஸ்டமர் பாக்கெட்ல இருந்ததை நீ எப்படிடி பிரிச்சுப் பார்க்கலாம்?" பக்கத்துக் கடைத் தையல்காரர் இன்றுவரை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அப்படி என்னம்மா பிரிச்சுப் பார்த்தே?" என்று கேட்கிறார்.

சரி, விதி விதிதான். நம் சலவைக் கடை ஆரம்பித்த நாளிலிருந்து அம்மா சொல்லிவருவது. துணியை மிஷினில் போடுமுன் பாக்கெட்டைத் துழாவ வேண்டும். சாவியோ, சில்லறையோ, காதல் கடிதமோ, எது கிடைத்தாலும் பழுப்புக் கவரில் போட்டு, துணி எண்ணை எழுதி, இஸ்திரி போட்ட துணியோடு ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்துவிட வேண்டும். என்ன ஏது என்று கேட்கக் கூடாது. "நம்மகிட்ட துணியைத்தான் குடுக்கறாங்க, மானத்தை இல்லை" என்பாள். நம் வீட்டுத் துணிக்கும் எண் உண்டு. பூஜ்யம்.

நீ ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாய். முழங்கால் வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை தீர்ந்தது, வலியும் தீர்ந்தது. அப்புறமும் உன் பேன்ட் பாக்கெட்டில் அட்டை அட்டையாக மாத்திரை கிடைத்தபோது அம்மா என்ன செய்தாள்? கவரில் போட்டாள். பூஜ்யம் என்று எழுதினாள். ஸ்டேப்ளர் அடித்து உன் அலமாரியில் வைத்தாள். மாதக்கணக்கில் வைத்தாள். பெற்ற பிள்ளைக்குப் போதை மாத்திரையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்த அம்மா உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். நேற்று அதைச் சொல்லி அவளே சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஸ்டேப்ளரை மேஜையின் இழுப்பறைக்குள் தள்ளி மூடிவிட்டாள்.

நான்தான் கவரைப் பிரித்தேன். மருந்துக்கடை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து நேராக அப்பாவிடம் ஓடினேன். மீதி உனக்குத் தெரியும். தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் என்னிடமிருந்து எதிர்பார்க்காதே.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் போதைப்பொருள் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆலோசகர் டீச்சர் அறிவிப்புப் பலகையை என் தலையில் கட்டிவிட்டார். எல்லாரும் மண்டை ஓடு வரை என்கிறார்கள். நான் எலியை வரைந்தாலே பூசணிக்காய் ஆகிவிடும். ஏதாவது யோசனை சொல்.

கால் குடைச்சல் குறைந்ததா? தூங்குகிறாயா?

உன் எலி

ஜூன் 11

துரோகி எலிக்கு,

கிழிக்கவில்லை. இங்கே படிப்பதற்குச் சுவரில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதை மனப்பாடம் செய்துவிட்டேன்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள். ஒரே அறையில் மூன்று பேர். ஒருவர் லாரி ஓட்டுகிறவர். குறட்டையில்கூட கியர் மாற்றுகிறார், நடுவில் ரிவர்ஸ் வேறு எடுக்கிறார். இன்னொருவர் வாத்தியார், வேதியியல். பாட்டிலைச் சோதனைக்குழாய் மாதிரி கையாண்டு கடைசியில் வேலை போய் இங்கே வந்தவர். நான் மேலாளரைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தபோது, "வசவு சரிதான் தம்பி, எழுவாயும் பயனிலையும்தான் ஒத்துப்போகலை" என்றார். அவரோடு எப்படிச் சண்டை போடுவது?

முதல் வாரத்தைப் பற்றிக் கேட்காதே. காய்ச்சலும் பேதியும் கல்யாணம் செய்துகொண்டு என் உடம்பில் குடித்தனம் நடத்திய மாதிரி இருந்தது. கால் இரண்டும் என் பேச்சைக் கேட்காமல் படுக்கையிலேயே ஓடிக்கொண்டிருந்தன. டாக்டர் பக்கத்திலேயே இருந்து மருந்து கொடுத்தார். இப்போது எல்லாம் தீர்ந்துவிட்டது. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை, நேற்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஆகவே நான் தேறிவிட்டேன். ஆகவே வீட்டுக்கு வர வேண்டும்.

அதில் ஒரு சிக்கல். சேரும்போது நான் ஒப்புக்கொண்டபடி, பாதியில் கிளம்ப வேண்டுமானால் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்பா போட மாட்டார், பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர். நீ அம்மாவிடம் பேசு. நீ பேசினால் அவள் கேட்பாள்.

பேசினால் உன் பலகைக்கு நான் உதவுகிறேன். மண்டை ஓடு மட்டும் வரையாதே. ஏன் என்பதைக் கையெழுத்துக்கு அப்புறம் சொல்கிறேன்.

அண்ணன்

ஜூன் 17

பேரம் பேசும் அண்ணனுக்கு,

மாட்டேன். அம்மாவிடம் பேச மாட்டேன். இரண்டு தட்டு சாப்பிட்டால் தேறிவிட்டதாக அர்த்தம் என்றால் நம் அப்பா எந்தக் காலத்திலும் நோயாளி ஆகவே முடியாது.

மண்டை ஓடு விஷயத்தில் நீ சொன்னது பலித்துவிட்டது, எனக்குத்தான் எரிச்சல். உன் கடிதம் வருவதற்குள் வரைந்து மாட்டிவிட்டேன். பக்கத்தில் ஒரு பாம்பு, கீழே "போதை பாதை மாற்றும்" என்று சிவப்பு எழுத்து. மத்தியானத்துக்குள் யாரோ மண்டை ஓட்டுக்கு மூக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். சாயங்காலம் பாம்புக்கு மீசை. மறுநாள் பெரிய வகுப்புப் பையன்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பயந்தவர் ஒருவர்தான், துப்புரவு செய்யும் அம்மா. அவர் ஏற்கெனவே நல்லவர்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன். இப்போது எழுதப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

முந்தாநாள் பாக்கெட் துழாவும்போது ஒரு பள்ளிக் கோட்டில் அதே அட்டை கிடைத்தது. அதே பச்சை நிறம், அதே எழுத்து. எண்ணைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. எங்கள் வகுப்பு ஒட்டகத்துடையது. உனக்கு அவனைத் தெரியும், கைப்பந்து ஆடுவானே, கழுத்து வகுப்புக்கு முதலில் வரும், உடம்பு பின்னால் வரும். கணக்கு டீச்சர் மாதிரியே பேசிக்காட்டி என்னைச் சிரிக்கவைத்து வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தவன்.

அட்டையை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். கோட்டைக் கவர் இல்லாமலே மடித்து வைத்தேன். நேற்று அவனே வாங்க வந்தான். கோட்டைக் கையில் வாங்கியதும் பாக்கெட்டைத் தொட்டுப்பார்த்தான். மேல் பாக்கெட், உள் பாக்கெட், மறுபடி மேல் பாக்கெட். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றான். எங்கே என்று அவனால் கேட்க முடியவில்லை, ஏது என்று என்னால் கேட்க முடியவில்லை. அம்மாதான், "என்னப்பா, பட்டன் ஏதாவது காணோமா?" என்றாள். "எல்லாம் சரியா இருக்கு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான். கதவில் இடித்துக்கொண்டான்.

உன்னிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தினமும் உறுத்துகிறது. இவனிடம் எப்படிக் கேட்பது, சொல். பேரம் வேண்டாம்.

எலி

ஜூன் 22

எலி,

நம் சண்டையைக் கொஞ்சம் கொடியில் காயப்போட்டுவிட்டு இதைப் படி.

முதலில் அந்த அட்டையை உன் பையில் வைத்துக்கொண்டு திரியாதே. மருந்துக்கடை அக்காவிடம் கொடுத்துவிடு. அவனிடம் திருப்பியும் கொடுக்காதே. அம்மாவின் விதி சாவிக்கும் சில்லறைக்கும் சரி.

மண்டை ஓடு ஏன் வேண்டாம் என்று இப்போது சொல்கிறேன். மண்டை ஓட்டைக் கண்டால் யாரானாலும் ஓடிவிடுவார்கள். என்னிடம் அது மண்டை ஓடாக வரவில்லை. முதல் அட்டையை டாக்டர் கொடுத்தார், நியாயமான வலிக்கு. அப்புறம் ஒன்றை நான் பொய் சொல்லி வாங்கினேன். அதற்கும் அப்புறம் கொண்டுவந்து கொடுத்தவன் யார் தெரியுமா? விழுந்த அன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய என் கூட்டாளி. கெடுக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. "தூக்கம் வரலையா, இந்தா" என்றான், டீ வாங்கித் தருகிற மாதிரி. பாம்பையும் மீசையையும் பார்த்த பையன் எவனும் தன் சிநேகிதனை அதோடு சேர்த்து நினைக்க மாட்டான்.

இன்னொன்று. ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. அதை மறைத்தால் ஒட்டகம் உன்னை ஒரு நொடிகூட நம்ப மாட்டான். உடம்பெல்லாம் வெந்நீரில் குளித்து எழுந்த மாதிரி இருக்கும், எந்தக் கவலையும் பெரிதாகத் தெரியாது. அது கொஞ்ச காலம்தான். பிறகு நன்றாக இருப்பதற்காக இல்லை, மற்றவர்கள் சும்மா இருப்பது போல இருப்பதற்கே அது வேண்டியிருக்கும். ஏன் அப்படி என்று வாத்தியாரைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வீட்ல சமைக்கறவங்க இருக்கும்போது தினமும் ஓட்டல்லேர்ந்து சாப்பாடு வந்துட்டே இருந்தா என்ன ஆகும் தம்பி? சமைக்கறவங்க அடுப்பை அணைச்சுட்டுப் போய்ப் படுத்துடுவாங்க. ஒருநாள் ஓட்டல் மூடியிருந்தா வீடே பட்டினி. உன் மூளையும் அப்படித்தான், சந்தோஷத்தைத் தானே சமைச்சுக்கிட்டிருந்தது. மறுபடி அடுப்பு பத்த நாளாகும், ஆனா பத்தும்." லாரிக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "பசிக்குது" என்றார்.

அவனிடம் கேட்கும்போது "ஏன்" என்று ஆரம்பிக்காதே. ஏன் என்று யாராவது கேட்டால் எனக்குப் பொய் தானாக வாயில் வந்துவிடும். "என்ன சாப்பிடறே, எப்பலேர்ந்து" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. உனக்கு அது கஷ்டம், தெரியும்.

மதுவோடு சேர்த்து மட்டும் ஒருநாளும் எடுக்காதே என்று கட்டாயம் சொல், மூச்சே நின்றுபோகும் என்றார் டாக்டர். யாராவது அப்படிக் கிடந்து எழுப்பினாலும் எழவில்லை என்றால், திட்டு விழுமே என்று பார்க்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வரும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதை உன் பலகையில் பெரிதாக எழுது.

கடைசியாக, இதை நீ தனியாகத் தூக்காதே. ஆலோசகர் டீச்சரிடம் அவனையும் கூட்டிக்கொண்டு போ. வர மாட்டேன் என்றால் நீ மட்டும் போ. அவன் உன்மேல் கோபப்படுவான். அண்ணன் கோபத்தையே தாங்கியவள் நீ, ஒட்டகத்தின் கோபம் எந்த மூலைக்கு?

அண்ணன்

பின்குறிப்பு: அம்மாவிடம் பேசச் சொன்னதை நான் மறக்கவில்லை.

ஜூலை 1

அண்ணனுக்கு, கோபத்தோடு,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கைப்பந்து மைதானத்துக்குப் பின்னால் ஒட்டகத்தைப் பிடித்தேன். நீ சொன்னபடியே கேட்டேன். "தாத்தாவோட மாத்திரை" என்றான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு பந்து எங்கள் தலைக்கு மேலே போய்த் திரும்பி வந்தது. அப்புறம் அவனாகவே, "தாத்தா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கும் வந்துவிட்டது. தோள்பட்டை பிசகிய பிறகு டாக்டர் கொடுத்ததாம். இப்போது அது இல்லாமல் தூங்க முடியவில்லையாம்.

சமையல் அடுப்புக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். "உனக்கு யார் இதெல்லாம் சொன்னாங்க?" என்றான். என் அண்ணன் என்றேன். "அவர் இப்ப சரியாயிட்டாரா?" என்று கேட்டான். ஆகிக்கொண்டிருக்கிறான் என்றேன். "வெளியில வரட்டும். வந்து, அந்த வைத்தியம் பலிச்சுதுன்னு அவரே என்கிட்ட சொன்னா நானும் டீச்சர்கிட்ட போறேன்" என்றான். அதுவரை காத்திருக்க முடியாது என்று நானே டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அவனைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டார். அவரிடமும் தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். இப்போது என்னோடு பேசுவதில்லை.

இனி கோபம். அம்மாவுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறாய். அவள் அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படிப்பதை நான் பார்த்துவிட்டேன். "உன் கையால் ஒரு டீ குடித்தால் போதும் அம்மா" என்று எழுதினாயா இல்லையா? வெட்கமாக இல்லை? அவள் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் மேலாளருக்குப் போன் போட்டுவிட்டாள். சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டு உன்னைக் கூட்டி வருகிறாளாம். புது சோப்பு வேறு வாங்கி வைத்திருக்கிறாள்.

நீ வா. நான் பேச மாட்டேன். ஊமை எலியோடு குடித்தனம் நடத்து.

எலி

ஜூலை 9
(எண் பூஜ்யம். நீலச் சட்டையோடு)

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பேச மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். அதனால் கடைக் கவரிலேயே போட்டு உன் சட்டையில் அடித்திருக்கிறேன்.

நீ வந்ததிலிருந்து வீடு கலகலவென்றுதான் இருக்கிறது. அப்பா மிஷின் சத்தத்துக்கு மேலே பாடுகிறார். யார் காதும் தப்பவில்லை. அதெல்லாம் சரி. இன்று அடுத்த தெருவுக்கு நாலு சட்டை கொடுக்கப் போனவன் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வந்தாய். வந்ததும் சட்டையை நீயே ஊறப்போட்டாய். பிறந்ததிலிருந்து நீ ஒரு கைக்குட்டையைக்கூட ஊறப்போட்டதில்லை.

ஏன் என்று கேட்கவில்லை. என்ன சாப்பிட்டாய்? எப்போதிலிருந்து?

ஜூலை 10
(பழுப்புப் பேன்ட், வலது பாக்கெட்)

எலி,

தலைவலி. வெயில் ஜாஸ்தி. வழியில் டயர் பஞ்சர்.

மேலே எழுதியது பொய். மூன்றும் பொய். கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன், எவ்வளவு சரளமாக வருகிறது என்று நீயே பார்.

கூட்டாளியைப் பார்த்தேன். தேடிப் போகவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். அவன் வேலை செய்யும் பட்டறை அந்தத் தெருவில் இல்லை, நான்தான் சுற்றிக்கொண்டு போனேன். ஒன்றே ஒன்று கொடுத்தான். சாப்பிட்டேன். வெந்நீர்க் குளியல் எல்லாம் இல்லை எலி. பட்டறை வாசலில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து நாலு சட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு, அம்மா வாங்கி வைத்திருந்த சோப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சட்டை கசங்கிவிட்டது. அந்த வீட்டு அம்மா, "இஸ்திரி போட்டதா இது?" என்று கேட்டார். நம் கடையைப் பார்த்து இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

உடம்பு தேறியதை நான் தேறியதாக நினைத்துக்கொண்டேன். இல்லத்து டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார், உடம்பு முதலில் முடிக்கும், மனசு மெதுவாகத்தான் வரும் என்று. நான் அடுத்த தட்டு சாப்பாட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாள் விட்டுவிட்டு மறுபடி தொட்டால் முன்பைவிட ஆபத்து, பழைய அளவை உடம்பு தாங்காது என்றும் சொல்லியிருந்தார். பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஒட்டகத்திடம் மட்டும் சொல்லிவிடாதே.

ஜூலை 10, சாயங்காலம்
(எண் பூஜ்யம். அதே பேன்ட், இன்னும் துவைக்காதது)

அம்மாவிடம் நான் பக்கத்தில் நிற்கிறேன், நீ சொல். அழுவாள், அப்புறம் டீ போடுவாள். அப்பா பாட்டை நிறுத்துவார், அது தெருவுக்கே நல்லது.

ஒட்டகத்திடம் நான் சொல்ல மாட்டேன். நீ சொல்.

என் பேச்சு விரதம் இத்துடன் முடிந்தது. கீழே வா.

ஜூலை 15

அன்புள்ள எலிக்கு,

பழைய அறை, பழைய கட்டில். லாரிக்காரர் என்னைப் பார்த்ததும், "வண்டி யு டர்ன் அடிச்சு வந்துடுச்சு" என்றார். நான் படுக்கையை விரிக்கும்போது வாத்தியார் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இங்கே பாதிப் பேர் இரண்டாம் தடவை வந்தவர்கள்தானாம். டாக்டர், "வழுக்கினா எழுந்து நடக்கறதுதான் வைத்தியத்தில பாதி" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை கூட்டாளியைப் பார்க்கத் தோன்றும்போது என்ன செய்வது என்பதிலிருந்தே ஆரம்பித்தார்.

அப்பா கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று நான் சொன்னது எதற்கென்று இப்போது சொல்கிறேன். உங்கள் பள்ளியில் இறங்க வேண்டியிருந்தது. மைதானத்து வேலியோரம் நின்றேன். அவ்வளவு நீளக் கழுத்து இருக்கும்போது ஆளைத் தேடவே வேண்டியதில்லை.

"எலியோட அண்ணன்" என்றேன். பந்தைக் கீழே போட்டுவிட்டு வந்தான். நேராகவே கேட்டான்: "அந்த வைத்தியம் பலிச்சுதா அண்ணா?"

வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன் எலி. எல்லாம் பறந்துவிட்டது. "பாதியில எழுந்து வந்தவன்கிட்ட கேக்கறியே தம்பி. வந்த வாரமே சறுக்கிட்டேன். மறுபடி அங்கதான் போறேன், இதோ பை" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிடும் என்று நினைத்தேன். இல்லை. "நானும் ரெண்டு தடவை விட்டுப் பார்த்தேன். ரெண்டாம் நாளே முடியலை. எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்" என்றான். தனியாக விட்டுப் பார்க்காதே, டாக்டர் பார்வையில் விடு என்றேன். என் பையை வாங்கிப் பேருந்து நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் கணக்கு டீச்சர் மாதிரி பேசிக்காட்டினான். நீ வெளியே நிற்கவைக்கப்பட்டது நியாயமே.

பேருந்து வந்துவிட்டது. அவன் எந்தப் பக்கம் போனான் என்று நான் பார்க்கவில்லை. நீதான் எழுத வேண்டும்.

அண்ணன்

ஜூலை 24

அன்புள்ள அண்ணனுக்கு,

அவன் நேராகப் பள்ளிக்குள் போனான். வியர்வை நாற்றத்தோடு ஆலோசகர் டீச்சர் அறைக்குள் நுழைந்து, "மிஸ், எங்க தாத்தா செத்துட்டார்" என்றானாம். டீச்சர் பதறி எழுந்துவிட்டார். "எப்பப்பா?" "ரொம்ப வருஷம் ஆச்சு மிஸ். மாத்திரை என்னோடது." இதை டீச்சரே எங்களிடம் சொல்லவில்லை, ஒட்டகம்தான் வகுப்பில் நடித்துக் காட்டுகிறான். டீச்சர் வேஷமும் அவனே.

அவன் அம்மா முதலில் நம்பவில்லை, அப்புறம் நம் அம்மாவிடம் வந்து அரைநாள் பேசிக்கொண்டிருந்தார். இப்போது ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் போகிறான். அங்கே தங்க வேண்டியதில்லையாம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். எரிந்து விழுகிறான், இரண்டு ஆட்டத்துக்கு வரவில்லை. என்னோடு மறுபடி பேசுகிறான், அதனால் நான் மறுபடி வெளியே நிற்கிறேன்.

அம்மா விதியைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறாள். கஸ்டமரை ஒன்றும் கேட்கக் கூடாது, பூஜ்யத்தை என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். முதல் பலி அப்பா. சட்டைப் பையில் மிட்டாய்த் தாள் கிடைத்ததில் சர்க்கரை வியாதி வழக்கு ஒருநாள் முழுக்க நடந்தது.

மண்டை ஓட்டை இறக்கிவிட்டேன். ஆம்புலன்ஸ் விஷயத்தை நீ சொன்னபடி பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு பெட்டி. பேர் போடாமல் யார் வேண்டுமானாலும் கேள்வி எழுதிப் போடலாம், பதில் பலகையில் வரும். நான் பத்துப் பேர் போடுவார்கள் என்று நினைத்தேன், பெட்டி மூட முடியவில்லை. பாதிக்கு டீச்சரும் ஆஸ்பத்திரி டாக்டரும் எழுதுகிறார்கள். மூன்றை உனக்கு அனுப்புகிறேன். அடுத்த வாரத்துக்குள் பதில் வேண்டும்.

"பீர் எல்லாம் போதையில் சேருமா?"

"ஒரே ஒரு தடவை பண்ணிப் பார்த்தா என்ன?"

"எங்க அப்பா குடிக்கிறார். நான் என்ன பண்றது?"

மூன்றாவது, சின்ன வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து. அதற்கு நான் நாலு தடவை எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

எலி

ஆகஸ்ட் 1

அன்புள்ள எலிக்கு,

முதல் கேள்விக்கு வாத்தியார்: "சேரும். பீரில் இருப்பதும் சாராயத்தில் இருப்பதும் ஒரே வேதிப்பொருள், தண்ணீர்தான் கூடக் குறைய. வளர்கிற மூளைக்கு அது இன்னும் கெடுதல். நான் பீரில்தான் ஆரம்பித்தேன், அது போதை இல்லை என்று வகுப்பெடுத்தபடியே." எழுவாய் பயனிலை சரிபார்த்துத்தான் கொடுத்தார்.

இரண்டாவதற்கு நான்: ஒரு தடவை எடுத்தவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வதில்லை, உண்மைதான். யார் மாட்டிக்கொள்வார்கள் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதும் உண்மை. நானும் ஒரே ஒரு தடவைதான் என்று நினைத்து எடுத்தேன். அப்படி நினைத்துப் பல தடவை எடுத்தேன்.

மூன்றாவதை வாசித்துக் காட்டியதும் லாரிக்காரர், அதைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னார். அவருக்கு இரண்டு பெண்கள். மத்தியானம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "கண்ணு, அது உன் தப்பு இல்லை. நீ நல்லா படிச்சா அப்பா நிறுத்துவார், சத்தம் போடாம இருந்தா நிறுத்துவார்னு நெனச்சுக்காதே. பாட்டிலை ஒளிச்சு வைக்கறது உன் வேலை இல்லை. பயமா இருந்தா பக்கத்து வீட்டுக்குப் போ. டீச்சர்கிட்ட சொல்லு, அது அப்பாவைக் காட்டிக்கொடுக்கறது ஆகாது. அப்பாவுக்கு உன்மேல பாசம் இல்லைன்னும் நெனச்சுக்காதே. அவருக்கு உடம்பு சரியில்லை, அதுக்கு வைத்தியம் இருக்கு. அவர் வரணும், வராம இருந்தா அதுவும் உன் தப்பு இல்லை." எழுதி முடித்ததும் இன்னும் இரண்டு தாள் கேட்டார். அதை அவரே எழுதினார், நான் பார்க்கவில்லை. உறையில் அவர் வீட்டு விலாசம் இருந்தது.

எனக்கு நல்ல நாளும் வருகிறது, கெட்ட நாளும் வருகிறது. போன வாரம் ஒரு நாள் காலையிலிருந்து கூட்டாளியின் பட்டறை வாசல் ஸ்டூலே கண்ணில் நின்றது. முன்பு மாதிரி அம்மாவுக்கு இனிக்க இனிக்க ஒரு கடிதம் போட்டால் போதும், இரண்டே வாரத்தில் வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. பேனாவைக் கையில் எடுத்தும் விட்டேன் எலி. எடுத்தவன் அதை வைத்துவிட்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

"பாதியில போகணும்னா கையெழுத்துப் போடறவங்கன்னு ஒரு பேர் எழுதியிருக்கீங்களே, அம்மா பேரு. அதை அடிச்சுட்டு என் தங்கச்சி பேரைப் போடுங்க" என்றேன்.

கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "தங்கச்சிக்கு என்ன வயசு?"

"பதினாறு."

"பதினெட்டு முடிஞ்சவங்கதான்ப்பா போட முடியும். அதுக்குள்ள உன் சிகிச்சையே முடிஞ்சுடுமே."

"அதனாலதான் சார் அவ பேரைக் கேக்கறேன்" என்றேன்.

அண்ணன்